பதினான்காம் எண் ரத்தம்

என் கணவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒரே ஒரு முறை எழுத்தில் பதிவு செய்திருக்கிறேன். வாயால் சொன்னதை விட்டுவிடுங்கள், அது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். நான் எழுதியது ஆய்வுக்கூடத்து நோட்டுப் புத்தகத்தில், சிவப்பு மையில், பதினான்காம் எண்ணுக்கு நேராக: ‘காபி குடித்திருக்கிறார். தள்ளுபடி.’ இவ்வளவு வருஷம் கழிந்தும் சமயம் வாய்க்கும்போதெல்லாம் அவர் அதைச் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை. சொல்லிக்காட்ட அவருக்கு உரிமை உண்டு.

அது எண்பதுகளின் தொடக்கம். தில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவருக்கு ஓர் அமைச்சகத்தில் கோப்பு பார்க்கும் வேலை. நான் ரசாயனம் படித்துவிட்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் அந்தப் பேச்சு, வெளியே இந்தி, ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

என் வேலை ஒரு மின்முனை செய்வது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பிளாட்டினக் கம்பி ஒன்று, வெள்ளிக் கம்பி ஒன்று. நுனியில் மெல்லிய சவ்வு, சவ்வின் மேல் ஒரு என்சைம். அந்த என்சைமுக்கு ரத்தத்தில் இருக்கும் மற்ற எதுவும் கண்ணில் படாது, சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடிக்கும்போது பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் கம்பியில் ஓடும் மின்சாரம் குறையும். அந்தக் குறைவை ஒரு பேனா, ஓடுகிற காகிதத்தில் வரைந்துகொண்டே போகும். சர்க்கரை அதிகமானால் பேனா ஆழமாக இறங்கும். நாங்கள் அதைப் பள்ளம் என்போம்.

இன்றைக்கு இதே வழியில் வந்த கருவிகள் சட்டைப்பையில் அடங்குகின்றன. புற்றுநோயின் சுவட்டைக்கூட ஒரு சொட்டு ரத்தத்தில் தேடுகிறார்கள். எங்களுக்கு அன்று கடையில் வாங்க எதுவும் கிடையாது. பிளாட்டினம் ஆய்வுக்கூடத்து ஸ்டோரிலிருந்து வந்தது. வெள்ளிக் கம்பியைப் பழைய தில்லி நகைக்கடைச் சந்தில் பேரம் பேசி வாங்கினேன். சவ்வைக் கட்டுவதற்கு ரப்பர் வளையம் வேண்டியிருந்தது. கோல் மார்க்கெட் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, வட்டம் வட்டமாக நானே வெட்டினேன். என்சைம் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. அதைக் குளிர்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியில் யாரும் பாலோ தயிரோ வைக்காமல் காவல் காத்தேன். பக்கத்து அறையில் யாராவது சுவிட்சைத் தட்டினால் பேனா துள்ளும். ஓடிப் போய்ச் சத்தம் போடுவேன். நான் வருவதைப் பார்த்தாலே அங்கே எல்லோரும் கையைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

மின்முனை நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரைக் கரைசலில் எத்தனை முறை முக்கினாலும் அதே பள்ளம். ஆனால் எங்கள் புரொபசர் ஒரு பஞ்சாபி, லேசில் மசியாத மனிதர். “சர்க்கரைத் தண்ணீர் யாருக்கு வேண்டும் மேடம்? ரத்தத்தில் காட்டுங்கள்” என்றார். காலில் புண் வந்து ஆறாமல் நிற்கும்போது சர்க்கரை வியாதி என்று சொல்ல டாக்டர் போதும், ஆள் கல்லுமாதிரி நடமாடும்போதே சொல்லத்தான் இந்தக் கருவி என்பது அவர் கட்சி. அதற்கு முதலில் நல்ல ஆரோக்கியமானவர்களின் வெறும் வயிற்று ரத்தம் வேண்டும். அதில் பள்ளம் சின்னதாக வரவேண்டும். வராவிட்டால் டிசம்பர் மாதக் கமிட்டியில் இந்த வேலையை மூடிவிடுவார்கள்.

வெறும் வயிறு என்பது தில்லியில் கிடைக்காத சரக்கு. எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்களுக்குப் படுக்கையைவிட்டு எழும்போதே கையில் சாய் இருக்கவேண்டும். குவார்ட்டர்ஸிலோ எட்டரைக்குள் இட்லியை முழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐப்பசியில் கந்த சஷ்டி. எங்கள் பிளாக்கைச் சுற்றி இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் ஆறு நாள் விரதம் இருப்பார்கள். காலையில் யார் வீட்டிலும் அடுப்பில் பலகாரம் கிடையாது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பதின்மூன்று பேர் சம்மதித்தார்கள். எல்லோரும் நடு வயதுக்காரர்கள், ஒரு தலைவலிகூட இல்லாதவர்கள். பதினான்காவதாக என் கணவரைச் சேர்த்துக்கொண்டேன். சஷ்டி முதல் நாள் விடிந்ததும் ஒரு காபி குடித்துவிட்டு, ஐஸ் பெட்டியும் எங்கள் மலையாள நர்ஸும் வேண்டுமே என்று ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன். எட்டரைக்குத் திரும்பினால் எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன், விரதம்தானே என்று. விரதம்தான் என்றார்கள். நர்ஸ் ரத்தம் எடுத்தாள், நான் நம்பர் ஒட்டினேன். கடைசியாக என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் பேனா என் மானத்தை வாங்கியது. முதல் ரத்தத்துக்கே பள்ளம் வேண்டியதைவிட ஆழம். இரண்டாவதும் அப்படியே. ஒன்றிரண்டு தவிர வரிசையாக எல்லாமே அப்படித்தான். பதினான்காவது எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. சவ்வை மாற்றினேன், புதிதாக என்சைம் வைத்தேன், மறுபடி முக்கினேன். அதே பள்ளங்கள். பழைய முறையில் நிறம் பார்த்துச் சரிபார்க்கலாமென்றால் அதற்கான ரசாயனம் ஸ்டோரில் தீர்ந்து, வாங்கச் சொல்லிக் கொடுத்த சீட்டு எங்கேயோ கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது.

புரொபசர் காகிதத்தைச் சுருள் பிரித்துப் பார்த்தார். “மேடம், பூரா காலனி பீமார் ஹை க்யா?” என்றார். உங்கள் காலனி முழுக்க நோயாளிகளா என்று. பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். கருவி சரியில்லை என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். காகிதத்தைப் பழையபடி சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடி வீட்டு மாமியின் கதவைத் தட்டினேன். மாமி தஞ்சாவூர்க்காரர், விரதத்தில் எங்கள் பிளாக்குக்கே தலைவி. அவர் எண் ஐந்து. கதவைத் திறந்தவர் கையில் ஆவி பறக்கும் டம்ளர். எனக்கு அது கண்ணில் படவேயில்லை. ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பதில் சொன்னார், மறுபடி ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“மாமி, நேத்து ரத்தம் குடுக்கறதுக்கு முன்னால காபி குடிச்சீங்களா?”

“குடிக்காம? ரெண்டு டம்ளர் குடிச்சேன்.”

“விரதம்னு சொன்னீங்களே!”

“விரதம்தான்டீ. பச்சைத் தண்ணி பல்லுல படாம இருன்னு நீ சொல்லலையே? காபி இல்லேன்னா தலையை வலிக்கும், தலையை வலிச்சா சுவாமிகிட்ட மனசு நிக்காது. காபி விரதத்துக்குன்னே இருக்கறதுடீ.”

சர்க்கரை போட்டா என்று கேட்டேன். பின்னே உப்புப் போட்டா என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் அம்மா எத்தனை சஷ்டி இருந்திருக்கிறாள், எத்தனை கிருத்திகை! எல்லாவற்றுக்கும் காலையில் காபி உண்டு. நானே அன்று விடியற்காலையில் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு பஞ்சாபிப் பெண் இந்த வேலையைச் செய்திருந்தால் காபி உண்டா என்று முதலில் கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விரதத்தில் காபி உண்டு என்பது எனக்கு மூச்சு விடுவதைப்போலப் பழகிப்போன விஷயம்.

படியிறங்கும்போதே சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. காபி குடித்தவர்களைக் காபி குடித்தவர்கள் என்று என் மின்முனை காட்டிக்கொடுத்திருக்கிறது! கதவு கதவாகத் தட்டினேன். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், ஒருவர் வாழைப்பழம் வேறு. பள்ளம் சின்னதாக வந்த இரண்டு பேரும் சர்க்கரை போடாத கடுங்காபிக்காரர்கள். நோட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கு நேராகவும் சிவப்பு மையில் எழுதினேன். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

“நீங்க எத்தனை டம்ளர்?” என்றேன்.

ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். “நான் குடிக்கல” என்றார்.

“விளையாடாதீங்க. ஆராய்ச்சிக்குக் கேக்குதேன்.”

“நானும் ஆராய்ச்சிக்குத்தான் சொல்லுதேன். குடிக்கல.”

காபிக்காக அமைச்சகத்தையே பத்து நிமிஷம் காக்கவைக்கும் மனிதர் அவர். கொட்டை வாங்கி வீட்டில் வறுத்து அரைப்பவர். முந்தின நாள் நான் கிளம்பும்போது பில்டரில் முக்கால்வாசி டிகாக்‌ஷன் இருந்தது, சாயந்தரம் வந்து பார்த்தபோது அடி தெரிந்தது. அதைச் சொன்னேன். மாடி வீட்டு மாமி வந்து வாங்கிக்கொண்டு போனார் என்றார். நல்ல சாக்கு என்றேன். பேனாவின் பள்ளத்தைக் கையால் வீசிக் காட்டினேன். “எல்லாரும் ரெண்டு டம்ளர்னா நீங்க மூணு. எங்கிட்ட மறைக்கலாம், மிஷின்கிட்ட மறைக்க முடியாது” என்றேன். அவர் கண்ணெதிரேயே நோட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன்.

அதைப் படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து அடுத்த ஷூவுக்கு நாடா கட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் பதின்மூன்று பேரிடமும் காபியும் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மறுபடி ரத்தம் எடுத்தேன். மாமி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார். அன்று பேனா இறங்கியும் இறங்காமலும் ஓடியது. பதின்மூன்றும் சின்னச் சின்னப் பள்ளங்கள். புரொபசர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். காபிக் கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார், கமிட்டிக்கு இதையே கொண்டுபோகலாம் என்றார். பிறகு, “பதினான்கு எங்கே?” என்றார். வரவில்லை என்றேன்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என் கணவர். “பொய்யன் ரத்தம் ஒனக்கு எதுக்கு?” என்றார். அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. நானும் விடவில்லை. ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்பது என் வீம்பு. மனிதர்கள் மறைப்பார்கள், மின்சாரம் மறைக்காது. அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் சாயந்தரம், சூரசம்ஹாரம் முடிந்து விரதத்தை முடித்துக்கொண்டு மாமி கீழே வந்தார். கையில் எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம், அதற்குள் கொஞ்சம் கேசரி. “வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரப்படாது பாரு, அதான் இத்தனை நாள். முதல் நாள் எங்காத்துல பொடி தீர்ந்துடுத்து. உங்காத்துக்காரர்தான் இருந்த டிகாக்‌ஷனை அப்படியே இதுல ஊத்திக் குடுத்தார். உமக்கு வேண்டாமான்னு கேட்டேன், நான் ஆறு நாளும் காபியைத் தொடறதில்லேன்னார். மகா வைராக்கியம்டீ.”

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். மாமி மாடிக்குப் போகும் சத்தம் கேட்டது. என் கணவர் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி பதினான்காம் எண் நினைவுக்கு வந்தது. அவர் காபி குடிக்கவில்லை என்றால் அந்தப் பள்ளம் ஏன் வந்தது?

அவர் வந்ததும் கிண்ணத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். எனக்குச் சுலபத்தில் வராத காரியம் அது. திடீரென்று எதற்குக் காபியை விட்டீர்கள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே, “முருகனுக்கு நேந்துக்கிட்டேன். சொன்னா பலிக்காதுன்னு சொல்லல. ஒம் பேனா ஒழுங்கா ஓடணும்னுதான்” என்றார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மறுபடி ஒரு தடவை ரத்தம் கொடுக்கக் கெஞ்சினேன். அவர் கோப்பு பார்க்கிறவர் அல்லவா, யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். “நாளைக்குக் காலையில நீ என் பக்கத்திலேயே இரு. நான் ஒண்ணும் குடிக்கலைன்னு கண்ணால பாரு. அப்பவும் அதே ஆழம் வந்தா, அன்னைக்கும் நான் குடிக்கலைன்னுதானே அர்த்தம்? நோட்டுல திருத்தி எழுதணும்.” அவர் சொன்னதில் ஒரு குறையும் கிடையாது. ஆழமான பள்ளம் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை ஆட்டோவில் இரண்டு பேரும் போனோம். நவம்பர்க் குளிரில் மந்திர் மார்க் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தெம்பாக உட்கார்ந்திருந்தார். நான் முருகனிடம் ஒன்றே ஒன்றை வேண்டிக்கொண்டு வந்தேன். இந்த மனிதர் பொய்யராக இருக்கட்டும். மாமியும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கட்டும். அன்று இவர் மூன்று டம்ளர் குடித்திருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் நான் ஒரு வருஷம் பாடுபட்டுச் செய்த மின்முனை உதவாக்கரையாக இருக்கட்டும்.

நர்ஸ் ரத்தம் எடுத்தாள். அதை மிஷினில் சுழலவைத்து, மேலே தெளிந்து நின்ற நீரை எடுத்தேன். மின்முனையை அதில் முக்குவதற்கு முன்னால் சர்க்கரைக் கரைசலில் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு அந்தத் தெளிந்த நீரை விட்டேன். பேனா ஒரு கணம் நேராக ஓடியது. அப்புறம் இறங்கத் தொடங்கியது. பதின்மூன்று பேருக்கும் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போய், முதல் நாள் எங்கே நின்றதோ அங்கேயே வந்து நின்றது.

“பாத்தியா!” என்று கையைத் தட்டினார் என் கணவர். “அதே ஆழம்! நான் சொன்னேன்லா?” பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. நான் ஓடுகிற காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் பழைய முறையில் பார்த்து, சர்க்கரை வியாதியின் தொடக்கம் என்று அதையே சொன்னார்கள். என்ன தொந்தரவு என்று வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். ஒரு தொந்தரவும் இல்லை, வீட்டில் ஒரு சண்டை, அதைத் தீர்த்துக்கொள்ள வந்தேன் என்றாராம் இவர். இவ்வளவு சீக்கிரமாகப் பிடிபட்டு வரும் ஆளைத் தான் பார்த்ததே குறைவு என்றார் டாக்டர். கமிட்டியில் வேலையை மூடவில்லை. அதன் பிறகு எத்தனையோ மின்முனைகள் செய்தேன், என் கருவி சொன்னதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. இவர் இன்றுவரை கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார், இரண்டு காலாலும் நடந்து போய்க் காய் வாங்குகிறார், சர்க்கரை இல்லாத காபியை முகம் சுளிக்காமல் குடிக்கிறார்.

ஆனால் அன்று அந்த அறையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் நோட்டைக் கேட்டார். பதினான்காம் எண்ணைத் தேடிக் கொடுத்தேன். சிவப்பு வரியை அடித்துவிட்டு, அதன் கீழே நீல மையில் எழுதினேன்: ‘காபி குடிக்கவில்லை. உண்மை சொன்னார்.’ தேதி போடச் சொன்னார், போட்டேன். திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும், அதுதான் முறை என்றார். போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுபோலவே இருக்காது.

அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். சரி என்று தலையாட்டினார். நோட்டை மூடிக்கொண்டு நிமிர்ந்து, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“அப்போ எனக்கு என்ன வந்திருக்கு?” என்றார்.

“ஒண்ணும் வரல” என்றேன். “வாரதுக்குள்ள பிடிச்சிட்டேன்.”